ஒளிப்படப் பிரிண்ட் சேகரிப்போர் சங்கம், திருநெல்வேலி: செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இந்த அவையில் வைக்கிறேன். வழக்கமாகக் கண்காட்சியில் தொடங்குவோம். இந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலிச் சந்திப்பு வட்டாரத்துக்குள்ளும், கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரையிலும் புகுந்தது. சங்கத்தின் இருப்பு மாடி அறையில் இருந்ததால் தப்பியது. ஆனால் தண்ணீர் வடிந்த கையோடு உறுப்பினர்களும் அவர்களின் உறவினர்களும் சேறு படிந்த ஆல்பங்களைச் சாக்கிலும் வாளியிலும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கறுப்பு வெள்ளை ஜெலட்டின் சில்வர் பிரிண்ட் (வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய தாளில் அச்சான படம்) நனைந்தால், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஊறிப் பிசினாகிவிடும். அப்படியே காய்ந்தால் ஒரு பிரிண்டின் முகம் அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் இரண்டும் போச்சு. அதனால் 48 மணி நேரத்துக்குள் கைவைக்க வேண்டும். விளிம்பை மட்டும் பிடித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுச் சேற்றை நீக்கி, மை ஒற்றும் தாளில் முகம் மேலே பார்க்கக் கிடத்தினோம். வெயிலில் எதையும் போடவில்லை. கலர் பிரிண்டுகள் சீக்கிரம் கெடும் என்பதால் கல்யாண ஆல்பங்களுக்கு முதலிடம் கொடுத்தோம். உடனே கைவைக்க முடியாமல் மீந்தவற்றை மெழுகுத்தாள் இடையிட்டு உறைய வைத்தோம். மின்சாரம் திரும்பிய பகுதியில் பேக்கரி வைத்திருக்கும் உறுப்பினர் தம் டீப் ஃப்ரீசரையே காலி செய்து கொடுத்தார். அவருக்கு இந்த அவை நன்றி சொல்ல வேண்டும்.

படம் முழுக்க வழிந்துபோனவையும் இருந்தன. அவற்றையும் குப்பையில் சேர்க்காமல் உரியவர்களிடமே கொடுத்தோம். சிலவற்றின் பின்புறத்தில் பென்சிலில் எழுதிய ஊரும் பெயரும் அழியாமல் இருந்தன.

அந்த நாள்களில் பலர் கேட்டது, “போனில் எடுத்து வைத்துக்கொண்டோமே, இந்தக் காகிதம் இனி எதற்கு?” என்பது. நம் சங்கம் இருப்பதே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்று நான் நினைக்கிறேன். போனில் இருப்பது உருவம் மட்டும். எந்தத் தாளில், எப்போது, யார் கையால் அச்சானது என்பதெல்லாம் பிரிண்டில்தான் இருக்கிறது. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் வந்த அதன் தாளில் உள்ள பிரிண்ட் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தூத்துக்குடி ஸ்டூடியோ முத்திரையில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றிருந்தால், பெரும்பாலும் 1986 மாவட்டப் பிரிவினைக்கு முன்னால் அடித்த முத்திரை. முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் தாள் 1850இல் வந்து அந்த நூற்றாண்டின் இறுதிவரை கோலோச்சியது. அதன் மெல்லிய தாளும் மஞ்சள் ஓடிய வெளிச்சப் பகுதிகளும் ஸ்கேனில் ஒருபோதும் கைக்குத் தட்டுப்படா.

ஆகஸ்ட் மாதக் கண்காட்சியில் இதையே காட்ட முயன்றோம். ஆனித் தேரோட்டத்தின் பழைய கண்ணாடி நெகட்டிவ் ஒன்று உறுப்பினர் வீட்டில் இருந்தது. அதிலிருந்து அந்தக் காலத்தில் எடுத்த உள்ளங்கையளவு கான்டாக்ட் பிரிண்டையும் (நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து அதே அளவில் எடுப்பது), இப்போது பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில் எடுத்த பெரிய பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். பெரியதில் வடம் பிடிப்பவர்களின் முகங்கள் தெரிந்தன. சிறியதில் புழுதிக்கும் வானத்துக்கும் நடுவே இருந்த மெல்லிய சாம்பல் நிறம் பெரியதில் இல்லை. பார்த்தவர்கள் சிறியதன் முன்தான் அதிக நேரம் நின்றார்கள். அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் அச்சிட்டார்; போகப் போக வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். நெகட்டிவ் ஒன்றே; பிரிண்டுகள் வேறு வேறு. வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் வைத்ததால் இருட்டாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆல்புமெனும் கலரும் அதற்கு மேல் தாங்காது; அடுத்த முறையும் அப்படியே வைப்போம்.

ஸ்டூடியோவில் டச்சிங் (படத்தின் குறைகளைக் கையால் திருத்தும் வேலை) செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நெகட்டிவின் மேல் பென்சிலால் அம்மைத் தழும்பை எப்படி மறைப்பார்கள் என்று செய்து காட்டிய மாலை, இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி.

சங்க நிதியில் சமகால பிரிண்ட் ஒன்று வாங்கினோம். தாளின் பெயர், மையின் வகை, அச்சிட்ட ஆண்டு, எடிஷன் எண் (மொத்தம் எத்தனை பிரிண்ட், அதில் இது எத்தனையாவது), பென்சில் கையெழுத்து எல்லாம் எழுத்தில் பெற்றோம். உறுப்பினர்கள் தனியே வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: இதே படம் வேறு அளவில் வேறு எடிஷனாக வருமா, ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (எடிஷன் கணக்குக்கு வெளியே கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரிண்ட்) எத்தனை? ‘பத்தில் மூன்றாவது’ என்ற எண்ணுக்கு இந்தப் பதில்கள் இல்லாமல் பொருள் குறைவு.

பிரேம் கடைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பின்னால் ஹார்ட்போர்டும் செலோ டேப்பும் வேண்டாம்; அவற்றின் அமிலமும் பசையும் தாளைப் பழுப்பாக்கும். கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் இடையே மவுண்ட் (நடுவில் வெட்டிய அட்டை) வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிய தாத்தா பாட்டி படங்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஒட்டியதை இழுக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, இருப்பு அறைக்கு ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி, ஈரப்பதத்தை ஆண்டு முழுக்க 50 சதவீதத்துக்குள் வைப்பது. இரண்டு, மூடப்படும் ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களையும் பதிவேடுகளையும் பழைய இரும்புக்காரருக்குப் போகும் முன் விலைகொடுத்து வாங்க ஒரு தனி நிதி. தென்காசி, தூத்துக்குடி இரண்டும் சேர்ந்த பழைய மாவட்டம் முழுவதற்கும் இது பொருந்தும். இவற்றையும் இந்த அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்