பாய்காட் போராடியவர் அல்ல, போராட்டத்துக்கு ஆளானவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், புறக்கணிப்பதைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல் அந்தப் பெயர் கொண்ட போராட்டத் தலைவரால் வந்தது என்று ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. உண்மை நேர்மாறானது. போராட்டமே அவரை எதிர்த்துத்தான் நடந்தது.

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1879இல் விளைச்சல் பொய்த்திருந்தது. மறு ஆண்டு குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பரில் நிலத்தைக் காலி செய்யச் சொல்லி பாய்காட் நோட்டீஸ் அனுப்பினார். உடனே பண்ணையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, பக்கத்து ஊரான பாலின்ரோப் கடைகளில் அவருக்குச் சரக்கு கிடைக்கவில்லை. அறுவடைக்கு கேவன், மொனகன் பகுதிகளிலிருந்து 50 பேரைக் கூட்டிவந்தார்கள்; அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீசாரும். சுமார் 500 பவுண்டு பெறுமானமுள்ள விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே பேசப்பட்டது. டிசம்பர் 1 அன்று பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

இந்த வழியைக் காட்டியவர் அயர்லாந்தின் குடியானவர் இயக்கத் தலைவர் பார்னெல். அதே செப்டம்பர் 19 அன்று என்னிஸ் கூட்டத்தில், ஒரு குடியானவனை வெளியேற்றிவிட்டு நிலக்காரர் பிடுங்கிய நிலத்தைத் தான் குத்தகைக்கு எடுத்துக்கொள்பவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். 'சுட்டுத்தள்ளு' என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி இருக்கிறது, தெருவில், கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட அவனோடு ஒட்டுறவு வைக்காதீர்கள் என்றார் அவர். சொல்லை உண்டாக்கியவர் ஜான் ஓமாலி என்ற பாதிரியார். 'ஆஸ்ட்ரசைஸ்' (ஒதுக்கிவை) என்றால் குடியானவர்களுக்குப் புரியாது, 'பாய்காட் பண்ணு' என்று சொன்னால் என்ன என்று அவர் கேட்டதாக அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். ஆக, பிறக்கும்போதே அது வினைச்சொல். சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகளுக்கும் போய்விட்டது.

ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்கள் வழுக்குவது ஓரிடத்தில்தான். 'கூட்டத்துக்குப் போக மறுத்தார்கள்' என்ற தமிழ் அமைப்பை மனத்தில் வைத்து 'பாய்காட்டட் டு அட்டெண்ட் த மீட்டிங்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வினைக்கு 'டு', 'ஃப்ரம்' எதுவும் வேண்டாம். 'பாய்காட்டட் த மீட்டிங்' போதும். பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'ஆஃப்' சேரும். ஆளின் பெயர் என்பதால் எழுத்திலும் கடைசியில் இரண்டு 'டி' உண்டு; ஒன்றை விடக்கூடாது.

தமிழ்ச் செய்திகளில் உள்ள குழப்பம் இதைவிடப் பெரிது. 'ரயில்வே பட்ஜெட்டில் தமிழகம் புறக்கணிப்பு' என்றால் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். 'தேர்தல் புறக்கணிப்பு' என்றால் பலர் கூடிப்பேசி, காரணத்தை அறிவித்து, வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பது. இரண்டாவதுதான் பாய்காட். முதலாவதை அந்தச் சொல்லால் மொழிபெயர்த்தால் செய்தியே மாறிவிடும். அவைக்கு வந்துவிட்டு எழுந்து போனால் அது வெளிநடப்பு. அரசு உத்தரவு போட்டு நிறுத்தினால் தடை. இலங்கைப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தைப் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்று எழுதுவதையும் மொழிபெயர்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்'.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இன்னொன்று. மேயோவில் எளியவர்கள் வலியவரை ஒதுக்கினார்கள். நம் நாட்டில் ஆதிக்கச் சாதியினர் தலித் குடும்பங்களுக்குக் கடையில் பொருள் தராமல், வேலை கொடுக்காமல், பொது வழியில் விடாமல் ஒதுக்குவதற்கும் அதே சொல்தான் வழங்குகிறது. 2016 முதல் நடப்பில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் 'சமூக பாய்காட்', 'பொருளாதார பாய்காட்' இரண்டும் குற்றங்கள். அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவதும் குற்றம். இத்தகைய செய்திக்கு 'கிராமத்தினர் புறக்கணிப்பு' என்று தலைப்பிட்டால் யார் யாரை ஒதுக்கினார்கள் என்பதே மறைந்துபோகிறது. 'ஊர்விலக்கம்' என்றோ 'சமூக விலக்கம்' என்றோ எழுதி, செய்தவர்கள் யார் என்பதையும் தலைப்பிலேயே சொல்லுமாறு உங்கள் உதவி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
மதுரை