இங்லிஸ் ஊர்க்காரர்களுக்கு

அன்புள்ள இங்லிஸ் ஊர்க்காரர்களுக்கு,

கனடாவில் மனிடோபா மாகாணத்திலிருக்கும் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்த மறுநாளே ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை அனுப்பிவிட்டேன். நாலே வரி. அம்மாவுக்கு அது போதவில்லை. "நாலு பேர் படிக்கிற மாதிரி தமிழ்ல எழுதுடா. செஞ்ச உதவியைச் சொல்லாம விடக்கூடாது" என்றார். அதனால்தான் இந்த மடல். உங்களால் படிக்க முடியாது, பரவாயில்லை. உங்களைப் பற்றி எங்கள் ஆட்கள் படிக்கட்டும்.

வின்னிபெக்கிலிருந்து நாலரை மணி நேரம் கார் ஓட்டி, 'கிரெய்ன் எலிவேட்டர்' எனும் ஐந்து உயரமான மரத் தானியக் கிடங்குகளைப் பார்க்கப் போகிறோம் என்றபோது வீட்டில் யாருக்கும் உற்சாகம் இல்லை. "ஊர் பேரே இங்கிலீஷா?" என்றார் அம்மா. எலிவேட்டர் என்றதும் லிஃப்ட் என்று நினைத்துக்கொண்டார். அது முழுத் தப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குச் சற்று முன்னால், படம் எடுக்கலாம் என்று கிரேவல் (சரளைக்கல்) சாலையில் திரும்பியது என் புத்திசாலித்தனம். இரண்டு நாள் மழையில் ஊறிய சாலை. கார் வழுக்கிப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. போனில் சிக்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வந்தது. ஓட்டி வந்த பெரியவர் எதுவும் கேட்கவில்லை. காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பிப் போய் டிராக்டரும் சங்கிலியுமாக வந்தார். பணம் நீட்டியபோது ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயா, உங்கள் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மன்னியுங்கள்.

சேறும் சகதியுமாக நின்ற எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு, பெரோகி கொடுத்து, அம்மாவின் நனைந்த செருப்பைக் கழற்றச் சொல்லித் தன் ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்ட அம்மையாருக்கும் நன்றி. பெரோகி என்பது நம் கொழுக்கட்டைக்கு உக்ரைன் பக்கத்து உறவு. உள்ளே உருளைக்கிழங்குப் பூரணம். அம்மா ஆறு சாப்பிட்டார்.

அப்புறம், சாவியோடு வந்த தன்னார்வலரே, உங்களுக்கும் நன்றி. எலிவேட்டரைக் கோடையில்தான் பார்வையாளர்களுக்குத் திறப்பீர்கள். நாங்கள் போனதோ மே மாத ஆரம்பம். ஆனாலும் எங்களுக்காகத் திறந்து ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டினீர்கள். விவசாயியின் லாரி சரிவில் ஏறி எடைமேடையில் நிற்கும்; கோதுமை கீழே குழியில் கொட்டும்; கிண்ணங்கள் கோத்த நீள பெல்ட் அதை அள்ளி அள்ளி உச்சிக்குக் கொண்டு போகும். அந்த பெல்ட்டுக்கு 'லெக்', அதாவது கால் என்று பேராம். உச்சியில் குழாயை எந்த அறைப் பக்கம் திருப்புகிறார்களோ அந்த அறையில் தானியம் விழும். ரயில் பெட்டிக்கும் குழாய் வழியே தன் எடையாலேயே இறங்கிவிடும்.

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். பலகைகளைப் படுக்க வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து எழுப்பிய சுவர். தானியம் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும், சாதாரணச் சுவர் பிளந்துவிடும் என்றீர்கள். "எங்க வீட்டுக் குதிரும் உறை உறையா அடுக்கினதுதான்" என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். எவ்வளவு கொள்ளும் என்று நீங்கள் கேட்க, அம்மா கலத்தில் சொன்னார். இந்த எலிவேட்டருக்கு உங்கள் பதில் 25,000 புஷல், ஏறக்குறைய 680 டன். அதைக் கலமாக்கிப் பார்க்கத் தொடங்கிய அம்மா பாதியிலேயே விட்டுவிட்டார்.

குதிரை வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்று என்று எழும்பியவை இவை. 1930-களில் பிரெய்ரி, அதாவது கனடாவின் மேற்குச் சமவெளி முழுக்க 5,700-க்கும் மேல் இருந்தன. லாரி வந்தது, பெரிய கான்கிரீட் கிடங்குகள் வந்தன, ரயிலின் கிளைப் பாதைகள் மூடப்பட்டன. எலிவேட்டர்கள் ஒவ்வொன்றாக இடிபட்டன. உங்கள் ஊருக்கு 1922-ல் வந்த ரயிலும் இப்போது இல்லை. ஆனால் ஐந்தும் வரிசையாக நிற்கின்றன, 1995 முதல் தேசிய வரலாற்றுத் தலமாக. பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் ஃபிளெமிங் ஊரின் 1895-ஆம் ஆண்டு எலிவேட்டர் 2010 பிப்ரவரியில் எரிந்துபோனதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கியது. காய்ந்த மரம், உள்ளே தானியத் தூசி. பெல்ட்டை ஓட்டும் எஞ்சினை ஏன் தனிக் கொட்டகையில் வைத்தார்கள் என்று அப்போது புரிந்தது. கிளம்பும்போது கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தீர்கள். அம்மா அதைக் கவனித்திருக்கிறார். வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

சரி, ஒரு விஷயம். அந்த ரப்பர் பூட்ஸ் அம்மாவின் காலோடு வின்னிபெக் வந்துவிட்டது. ஜூலையில் கொண்டு வந்து தருகிறோம். பூட்ஸுக்குள் முறுக்கு டப்பாவை வைத்துத் தரலாமா என்று அம்மா கேட்கிறார். வேண்டாம், தனியாகக் கொடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பள்ளத்தில் இருந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரன்