கோடைக்கால அரபுப் பயிற்சி: எழுத்தை முன்பே கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் தில்லியில் நடைபெறும் தீவிர அரபு மொழிப் பயிற்சி ஒன்றில் இந்த ஆண்டு மாணவியாகச் சேர்ந்து படித்தேன். அதனை நடத்துவோரும், இனிச் சேர விரும்பும் தமிழ் மாணவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பயிற்சி ‘தொடக்க நிலை’ என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால், வந்திருப்பவர்களுக்கு அரபு எழுத்திலிருந்து உருவான உருது எழுத்து தெரியும் என்ற அனுமானத்தின் மேல்தான் பாடம் நகர்ந்தது. தில்லியில் இதில் வியப்பில்லை. வகுப்பில் பெரும்பாலோர் உருது படித்தவர்கள், ஆசிரியரும் இலக்கணத்தை உருதுவிலேயே விளக்கிப் பழகியவர். ராமகிருஷ்ணபுரத்திலிருந்தோ மயூர் விகாரிலிருந்தோ வரும் ஒரு தமிழ் மாணவருக்கோ, வலமிருந்து இடமாக எழுதப்படும் 28 எழுத்துகளும், சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் அவை கொள்ளும் வெவ்வேறு வடிவங்களும் முற்றிலும் புதியவை. மற்றவர்கள் வினைச்சொல் வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருக்கையில், எங்களைப் போன்ற சிலர் ஓர் எழுத்தின் மேலே இருப்பது இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிறு வயதில் மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்ற தமிழ் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆயினும், குர்ஆன் உயிரொலிகளைக் காட்டும் குறிகளோடு அச்சிடப்படுவது. செய்தித்தாளிலும் சாதாரண நூல்களிலும் அக்குறிகள் பெரும்பாலும் இரா. குறி இல்லாத சொல்லைச் சரியாக வாசிக்க இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவர்களும் ஓரிடத்தில் தடுமாறத்தான் செய்கிறார்கள். (உருது தெரிந்தவர்களுக்கும் எல்லாம் எளிதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். உருதுவில் ஒரே ஒலியாகிவிட்ட ஸீன், ஸாத் முதலிய எழுத்துகளை அரபியில் வெவ்வேறாக ஒலிக்க அவர்கள் பட்ட பாடு எங்களுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது.)

இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்கலாம். கோடைப் பயிற்சியில் மிக அரிய பொருள் நேரம். ஆங்கிலம் பேசுவோர் அரபியில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று 8 வாரம் விடாமல் நடத்தினாலும் கிடைப்பது 200 மணி நேரம்தான். அதில் இரண்டு வாரத்தை எழுத்துக்கே கொடுத்தால் கால் பங்கு போய்விடுகிறது. கொடுக்காவிட்டால் எழுத்து தெரியாதவர் கடைசிவரை பின்தங்கியே இருக்கிறார். 1915 முதல் கோடைக்கால மொழிப்பள்ளி நடத்திவரும் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில், பயிற்சி முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறெதிலும் பேசுவதில்லை என்று மாணவர்கள் உறுதிமொழி தருகிறார்கள். வகுப்பு முடிந்ததும் மெட்ரோவில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசும் நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, வகுப்பறைக்குள் இருக்கும் நேரத்தைக் கேட்கவும் பேசவும் செலவிட வேண்டுமே தவிர, தனியே அமர்ந்து கற்கக்கூடிய எழுத்துக்குச் செலவிடக் கூடாது.

அப்படி மிச்சமாகும் நேரத்தில் வட்டார வழக்கு ஒன்றையும் அறிமுகப்படுத்த முடியும். இப்போது கற்பிக்கப்படுவது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து வழக்கு மட்டுமே. வரலாறு படிக்கும் என் போன்றவர்களுக்கு அது போதும். 14ஆம் நூற்றாண்டில் தில்லியில் காஜியாக (நீதிபதியாக) இருந்து, பின்னர் மதுரை சுல்தானின் அவைக்கும் சென்ற மொராக்கோப் பயணி இப்னு பதூதாவின் பயணக் குறிப்பை மூலத்தில் வாசிக்க வேண்டும் என்பதே நான் சேர்ந்ததற்குக் காரணம். ஆனால், வளைகுடா மருத்துவமனைகளில் வேலைக்குச் செல்லும் எண்ணத்தோடு வந்த செவிலியர் மாணவியருக்கு அங்குள்ள நோயாளி ஃபுஸ்ஹாவில் பேசப்போவதில்லை. செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்து வழக்கை முதலில் ஊன்றிக் கற்றால் பேச்சு தானாக வரும் என்பது ஆசிரியர்கள் சிலரின் கருத்து. பல ஆண்டுகள் படிப்பவருக்கு அது பொருந்தலாம். இரண்டு மாதத்தில் முடித்துக்கொண்டு விமானம் ஏறுபவருக்குப் பொருந்தாது.

எனவே, சேர்க்கைக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில், எழுத்துகளின் ஒலிப்பதிவையும் எழுதிப் பழகும் தாள்களையும் உருது அறியாத மாணவர்களுக்கு அனுப்பி, முதல் நாளில் ஒரு சிறு வாசிப்புத் தேர்வு வைக்குமாறு பயிற்சி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் எந்த மொழியில் இருக்கும், கற்பிக்கப்படுவது எந்த வழக்கு என்பவற்றை அறிவிப்பிலேயே குறிப்பிடலாம். தில்லித் தமிழ்ச் சங்கமோ தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளோ மாலை நேரத்தில் ஓர் அறை தந்தால், பயிற்சியை முடித்த எங்களில் சிலர் புதிதாகச் சேர்பவர்களுக்கு அரபு எழுத்தைத் தமிழ் வழியே கற்பிக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை முதுகலை மாணவி,
புது தில்லி.