பெற்றோர் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2025

தலைவர், தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி, ஆறாம் ஆண்டு மாணவருக்கான மாலை வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயலவையின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது செப்டம்பர் விடுமுறையில் சென்ற சீனக் கல்விச் சுற்றுலாதான்.

முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் பெய்ஜிங், சீனப் பெருஞ்சுவர் என்றே பேசினர். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் காண வேண்டியது பூஜியான் மாநிலத்துச் சுவான்சோ என்று நாங்கள் சிலர் விடாமல் வாதாடினோம். சோங், யுவான் அரசர் காலத்தில் கீழ்த்திசையின் பெருந்துறைமுகம் அது. அரபு வணிகர் சைத்தூன் என்றனர். அங்கே தங்கிய தமிழ் வணிகர் சிவன் கோயிலும் கட்டினர். சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் நலம்பெறச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சகம் 1203, அதாவது 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோலாலம்பூரிலிருந்து சுவான்சோவுக்குப் பக்கத்து நகரான சியாமெனுக்கு நேரடி விமானம் இருப்பதும், ஜூலை 17 முதல் மலேசியா, சீனா இரு நாட்டாருக்கும் 30 நாள் விசா விலக்கு நடப்புக்கு வந்ததும் எங்கள் பக்கம் பேசின.

கல்வெட்டின் படத்தைத் தமிழாசிரியை முன்கூட்டியே வகுப்பில் கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்திருந்தார். அதன் பலன் கையுவான் புத்தர் கோயிலில் தெரிந்தது. 686இல் தோன்றிய அக்கோயிலின் பெரிய மண்டபத்துப் பின்புறம், இடிந்த சிவன் கோயிலிலிருந்து எடுத்து வைத்த இரு தூண்கள் நிற்கின்றன. வழிகாட்டி வாய் திறக்குமுன் ஒரு மாணவி "நரசிம்மர்!" என்று கூவிவிட்டாள். அதன் பிறகு விளக்கம் சொன்னது பிள்ளைகள், கேட்டது வழிகாட்டி. கடல்சார் அருங்காட்சியகத்தில் சிவலிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பத்தின் முன் அவர்களை நகர்த்துவதே பெரும்பாடாயிற்று.

லோயாங் பாலமும் எதிர்பாராத பாடம். 1059இல் முடிந்த அந்தக் கற்பாலத்தின் அடித்தளத்தை இறுக்கச் சிப்பிகளை வளர்த்தார்களாம். அறிவியல் ஆசிரியருக்கு அன்று ஓய்வே இல்லை.

உணவு பற்றிப் பெற்றோர் கவலைப்பட்டீர்கள். சியாமெனின் நான்புத்தோ கோயிலில் சைவச் சாப்பாடு அருமை. மற்ற இடங்களில் சோறும் கீரையும் முட்டையும்தான். கடைத்தெருவில் நம் பெற்றோர் ஒருவர் பூஜியானிலிருந்து வந்து பினாங்குச் சீனரிடையே வழங்கும் ஹொக்கியன் மொழியில் விலை பேச, கடைக்காரர் முதலில் திகைத்து, பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். வாட்ஸ்அப் அங்கே முடக்கப்பட்டிருப்பதால் சிலருக்கு உடனே செய்தி வரவில்லை. அடுத்த முறை, அங்கே இயங்கும் வீசாட் என்ற செய்திச் செயலியின் எண்ணைப் புறப்படுமுன்பே தருவோம்.

ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். கட்டணம் கட்ட இயலாத சில குடும்பத்துப் பிள்ளைகள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். நன்கொடை வந்து சேர்ந்தபோது பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அத்தொகையைத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்துள்ளோம். அடுத்த பயணத்தில் அதே பிள்ளைகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்ற தீர்மானத்தைச் செயலவை இக்கூட்டத்தின் முன் வைக்கிறது.

தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் முன்மொழிந்து, வழிமொழிந்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்