கணக்கு மாஸ்டர் கட்சி மாறிய கதை

ஹரோ, இலண்டன்
ஒக்டோபர் 2025

அன்புள்ள மச்சான்,

உன் செய்திகளுக்குப் பதில் எழுதவில்லை என்று நீ திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் பழையபடிதான். ஒடியல் மா பத்திரமாக வந்து சேர்ந்தது, கூழும் காய்ச்சியாயிற்று. இப்போது எழுதுவதற்கும் அந்தக் கூழ்தான் காரணம்.

நம் மாஸ்டர், குடிவரவை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சிக்கு வாக்களிக்கப் போகிறாராம்.

ஆம், கணக்கு மாஸ்டர்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசி.

கூழ் குடிக்க வழக்கமான ஆட்கள் வந்திருந்தார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றித் தரவில்லை என்று கட்டையன் முணுமுணுத்தான். நண்டு போதாது என்று வக்கீல் வாதாடினான். பேச்சு எங்கெங்கோ அலைந்து, வருகிற மே மாதம் இங்கே நடக்கவிருக்கும் கவுன்சில் தேர்தலில் வந்து நின்றது. 2022இல் ஹரோவை கொன்சர்வேட்டிவ் கட்சி பிடித்தபோது கட்டையன் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டுத் திரிந்தவன். அவனைச் சீண்டத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டு, "இந்த முறை உங்கள் இரண்டு கட்சிக்கும் இல்லை, ஃபராஜின் ஆட்களுக்குத்தான்" என்றார். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மச்சான், 1987இல் இவர் எங்கே இருந்தார்? ஹரிச் துறைமுகத்தில், ஏர்ல் வில்லியம் கப்பலில். அந்த ஆண்டு பெப்ரவரியில் நம் பையன்கள் தங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஹீத்ரோவில் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நின்றார்கள். விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. தமிழ் அகதிகளைக் கப்பலில் அடைத்து வைத்தார்கள். ஒக்டோபரில் அடித்த பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து மணல்திட்டில் போய் ஏறியது. அதன் பிறகுதான் உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்கள். "எனக்கு விசா தந்தது உள்துறை அமைச்சு இல்லை, புயல்" என்று எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பார்! அந்த மனிதர்தான் இப்போது அகதிகளின் படகுகளை நிறுத்து என்கிறார்.

வக்கீல் சும்மா இருப்பானா? 2023இல் போர்ட்லண்டில் அகதிகளை பிபி ஸ்டொக்ஹோம் மிதவையில் ஏற்றினார்களே, அப்போது நீங்கள் தொலைக்காட்சி முன்னால் இருந்து அழுதீர்களே மாஸ்டர், என்று கேட்டான். அது வேறு, இது வேறு என்றார். இவர்கள் கடத்தல்காரனுக்குக் காசு கட்டி வருகிறார்களாம். உடனே கட்டையன், "நீங்கள் ஏஜென்சிக்காரனுக்குக் கட்டியது உங்கள் அக்காவின் தாலிக்கொடி விற்ற காசு, மறந்துவிட்டதா?" என்றான். வீடே அதிர்ந்தது. மாஸ்டரின் மனைவிதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். சிரிப்பு அடங்கியதும் அவர் ஒரு தாள் கேட்டார். எட்டாம் வகுப்பில் அவர் வெண்கட்டியை எடுத்தால் நமக்கு வயிற்றைப் பிசையுமே, அப்படித்தான் இருந்தது. 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு விழுந்தது நூற்றுக்கு 33.7 வாக்குகள், கிடைத்த ஆசனங்கள் 411. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாராளுமன்றம். லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 12.2 வீதம், 72 ஆசனங்கள். ரிஃபோர்முக்கு 14.3 வீதம், 5 ஆசனங்கள். பிரித்துக் காட்டினார்: தொழிற்கட்சியின் ஓர் ஆசனத்துக்கு இருபத்து நாலாயிரம் வாக்குகளுக்கும் குறைவு, ரிஃபோர்மின் ஓர் ஆசனத்துக்கு எட்டு இலட்சத்துக்கும் மேல். "இந்தக் கணக்கை நீ எழுதியிருந்தால் உனக்கு முட்டைதான் போட்டிருப்பேன்" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு வேறு எதற்கும் அவர் முட்டை போடாததைப் போல!

அடுத்து பொறுப்புக் கூறல். தபாலகக் கணினி விவகாரத்தை எடுத்தார். ஹொரைசன் மென்பொருள் காட்டிய பொய்க் குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் அதிகமான உபதபாலதிபர்கள் திருடர்கள் என்று தீர்ப்பாகினர். வங்குரோத்தானவர்கள், சிறை போனவர்கள், அதில் ஒரு கர்ப்பிணி. விசாரணை ஆணையம் இந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 13 பேர் அதனால் உயிரை மாய்த்திருக்கலாம் என்கிறது. அந்தக் காலம் முழுக்கத் தபாலகத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர்களில் தொழிற்கட்சி, கொன்சர்வேட்டிவ், லிபரல் ஜனநாயகம் என மூன்று கட்சிக்காரரும் உண்டு. பல ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு, 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் வந்த பிறகுதான் திறந்தது; மே மாதம் சட்டம் இயற்றித் தீர்ப்புகளை அழித்தார்கள். "ஒரு கட்சி செய்தால் மற்றக் கட்சி கேட்கும் என்றுதானே இந்த முறை? மூன்றும் சேர்ந்து செய்தால் யார் கேட்பது?" என்றார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

வக்கீல் சட்டம் பேசினான். எம்பியைத் திருப்பி அழைக்க 2015இல் சட்டம் வந்திருக்கிறது, ஆறு வாரத்துக்குள் தொகுதி வாக்காளரில் பத்து வீதத்தினர் கையொப்பமிட்டால் ஆசனம் காலி என்றான். மாஸ்டர் விடவில்லை. எப்போது கையொப்பம் கேட்பார்கள்? எம்பி சிறை போனால், சபையிலிருந்து பத்து அமர்வு நாள்களுக்கோ அதற்கு மேலோ இடைநிறுத்தப்பட்டால், செலவுக் கணக்கில் பொய் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டால். "வாக்குக் கேட்கும்போது சொன்னதைச் செய்யாவிட்டால்?" அதற்கு இடமில்லை என்று வக்கீலே ஒப்புக்கொண்டான். முன்னாள் பிரதமர் ஜோன்சன், சபையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்ற குழு அறிக்கை வெளியாகும் முன்பே 2023 ஜூனில் பதவியை உதறிவிட்டுப் போனாரே, அதையும் சேர்த்துச் சொன்னார். இவருக்கு ஒரு காலத்தில் ஜோன்சனைப் பிடிக்கும். அந்தத் தலைமயிருக்காக என்று மனைவி சொல்வார்.

கடைசியாகப் போட்டார் பார் ஓர் அடி! 2024இல் ஸ்டார்மரின் தொழிற்கட்சி அரசு வந்ததும் முதியோரின் குளிர்கால எரிபொருள் பணத்தைப் பெரும்பாலானோருக்கு வெட்டியது. மாஸ்டருக்கும் போயிற்று. கடிதம் எழுதினார், எம்பியைப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. இந்த மே முதலாம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் ரிஃபோர்ம் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஆசனங்களைப் பிடித்தது. அதே நாள் ரன்கோர்ன் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் ஆசனத்தை ஆறே ஆறு வாக்கால் பறித்தது. ஜூனில், பெரும்பாலானோருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. "என் கடிதம் செய்யாததை அந்த ஆறு வாக்கு செய்தது. இனிச் சொல், நான் யாருக்குப் போடவேண்டும்?"

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை.

மற்றப் பாதியைச் சொல்கிறேன். என் தங்கை மகள் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாளே, பராமரிப்பு விசாவில் வந்தவள். ஐந்து ஆண்டு முடிந்தால் நிரந்தர வதிவிடம் என்பதுதான் அவள் வந்தபோது இருந்த விதி. மே தேர்தல் முடிந்து பதினோராம் நாள் ஸ்டார்மர் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டார்: பொதுவான காலம் இனிப் பத்து ஆண்டு ஆகுமாம். அன்றைக்குத்தான் "அந்நியர்களின் தீவாக" நாடு மாறிவிடும் என்று பேசினார். பிறகு அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாகச் சொன்னார். அறிக்கையை மட்டும் திருப்பி எடுக்கவில்லை. செப்டெம்பரில் ஃபராஜ் இன்னும் மேலே போனார். நிரந்தர வதிவிடம் என்ற ஏற்பாடே வேண்டாம், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விசாவுக்கு விண்ணப்பிக்கட்டும் என்றார். அது இனவாதக் கொள்கை என்றார் ஸ்டார்மர். மறுநாளே அவருடைய உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் கட்சி மாநாட்டில், வதிவிடம் வேண்டுமென்றால் நல்ல ஆங்கிலம் வேண்டும், சமூகத்தொண்டும் செய்ய வேண்டும் என்று புதுப் பட்டியல் வாசித்தார். என் மருமகள் இரவு முழுக்க வெள்ளைக்காரக் கிழவிகளைத் தூக்கிக் கிடத்துகிறாள். அது தொண்டில் சேருமா தெரியவில்லை.

மாஸ்டரிடம் இதைத்தான் சொன்னேன். நீங்கள் காட்டிய பயம் உங்கள் எரிபொருள் பணத்தைத் திருப்பித் தந்தது, சரி. அதே பயம்தான் இந்தப் பிள்ளையின் ஐந்து ஆண்டைப் பத்தாக்கப் பார்க்கிறது. வகுப்பில் பின்வாங்கில் எவனோ விசிலடிக்க, முன்வாங்கில் இருந்த இவனுக்கு அடித்தீர்களே, அதே கதை. இவன் என்றால் நீதான். உன் பெயரைச் சொன்னதும் மனுசன் முகம் மாறிவிட்டது.

அவர் சொன்ன பதில்தான் என்னைக் குத்தியது. "அவள் நல்ல பிள்ளை, அவளுக்கு ஒன்றும் ஆகாது. அது மற்றவர்களுக்கு." மச்சான், 1987இல் ஹீத்ரோவில் நின்றவர்களைப் பற்றியும் இங்கே யாராவது தேநீர் குடித்துக்கொண்டு அப்படித்தான் பேசியிருப்பார்கள். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நட்பு முறிந்திருக்கும்.

ஓகஸ்டில் இங்கே விளக்குக் கம்பங்களில் எல்லாம் இங்கிலாந்துக் கொடி முளைத்தது பற்றி வாசித்திருப்பாய். மாஸ்டரும் ஒன்று வாங்கி மேல்மாடி யன்னலில் கட்டினார். வெளிச்சம் வரவில்லை என்று மனைவி மறுநாளே அவிழ்த்துவிட்டார். ஏன் கட்டினீர்கள் என்றேன். "நான் இந்த நாட்டவன் என்று யாருக்காவது ஒரு முறை காட்ட வேண்டாமா?" என்றார். அதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. வந்தேறிகள் எந்தக் கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார் என 1990இல் சொன்ன கொன்சர்வேட்டிவ் அரசியல்வாதி டெபிட் பிரபு இந்த ஜூலையில் 94 வயதில் காலமானார். 1996இல் ஃபைசலாபாத்தில் ஜயசூரிய இங்கிலாந்துக்காரருக்கு விளாசியபோது நாம் எந்தப் பக்கம் கத்தினோம் என்பது நமக்கே இன்றுவரை தெளிவில்லை; பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்காக, நம் முகம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2022 தீபாவளியன்று ரிஷி சுனக் கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரானபோது கட்டையன் இந்தத் தெருவுக்கே லட்டு கொடுத்தான். ருவாண்டாவுக்கு அகதிகளை அனுப்பும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அன்றைய உள்துறை அமைச்சர் பிரித்தி பட்டேல், அவரும் நம் முகம்தான். எழுபது கோடிப் பவுண் செலவழித்தும் நாலு பேர், அதுவும் விரும்பிப் போனவர்கள் என்று புதிய அரசு வந்து கணக்குச் சொன்னது. ஸ்ட்ராட்ஃபோர்ட் தொகுதியில் உமா குமரன் வென்றபோது எனக்கும் கண் கலங்கியது, ஒளிக்கவில்லை. ஆனால் நம் பிள்ளை என்று கைதட்டிவிட்டுப் போய்ப் படுத்தால், அவரையும் யார் கேள்வி கேட்பது?

நீ இப்போது நமட்டுச் சிரிப்புச் சிரிப்பாய் என்று தெரியும். போன நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்று ஆசனத்தைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். "நம் கட்சிக்காரருக்குப் பாடம் படிப்பிக்க" என்று நீ எனக்கு எழுதினாய். அதைப் படித்து நான் உன்னைத் திட்டினேன், நீயும் மாஸ்டரைப் போலவே பதில் சொன்னாய். அதனால்தான் இந்தக் காரியத்துக்கு நீதான் சரியான ஆள்.

மாஸ்டர் மார்கழியில் ஊருக்கு வருகிறார். என்னோடு இப்போது தொலைபேசியில் பேசுவதில்லை. கோவிலில் கண்டால் முழங்கால் எப்படி என்று மட்டும் கேட்கிறார். நீ அவரை வீட்டுக்குக் கூப்பிடு. கட்சியைப் பற்றி எடுத்தவுடன் பேசாதே, முறுக்கிக்கொள்வார். பாடம் படிப்பித்த பிறகு நீங்கள் அனுப்பிய அந்த மூன்று பேரும் என்ன செய்தார்கள், கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, உள்ளபடி சொல். நன்மை நடந்திருந்தால் அதையும் மறைக்காதே. நான் சொன்னால் வாதம் என்பார். நீ சொன்னால் கேட்பார். பிழையான ஆளுக்கு அடித்த கடன் அவருக்கு இன்னும் உன்னிடம் இருக்கிறது.

அவர் வரும்போது உனக்கு முழங்கால் தைலமும் பிள்ளைகளுக்குச் சொக்கலேட்டும் கொடுத்துவிடுகிறேன், என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வருவாரென்றால். அடுத்த முறை ஒடியல் மா இரண்டு பை அனுப்பு. கட்டையன் மட்டும் மூன்று கோப்பை குடித்தான்.

அன்புடன்,
நெட்டையன்