பாட்டியின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பாட்டி பேசியும் பாடியும் வைத்த கேசட்டுகளையும் அவற்றை ஓட்டிக் கேட்க நல்ல நிலையில் உள்ள டெக்கையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். கணினி வேலையில் உனக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒலி நன்றாக வருமா என்பது டெக்கிலேயே முடிவாகிவிடும். அங்கே தவறவிட்டதை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால் பொறுமையாகப் படிம்மா.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்குகளைப் பார். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடு. பிறகு கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. டேப் சுருளில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடவே போடாதே. அது டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வை, பிறகு பார்க்கலாம். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடை. பழுப்புக் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

இனி முக்கியமானது. டேப்பின் அகலம் 3.81 மி.மீ.தான், வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடுவதால், ஹெட் இம்மியளவு சாய்ந்தாலும் மேல் ஸ்தாயி மங்கிவிடும். ச, ஸ, ஷ எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். இந்தச் சாய்வைத்தான் அசிமுத் என்பார்கள். பாட்டியின் கேசட்டுகள் ஒரே ரெக்கார்டரில் பதிவானவை அல்ல. அதனால் சாய்வும் ஒன்றுக்கொன்று மாறும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட் பக்கத்தில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பு. ஹெட்ஃபோனை மோனோவில், அதாவது இடது வலது ஒலி இரண்டும் ஒன்றாகச் சேரும்படி, வைத்துக் கேள். குரல் பளிச்சென்று தெளியும் இடத்தில் நிறுத்து. அந்தத் தெளிவை ஒருமுறை கேட்டுவிட்டால் நீ இதை விடமாட்டாய். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்தே இருக்கட்டும். அந்தப் பதிவுகள் டால்பி இல்லாமல் எடுத்தவை. அதைப் போட்டால் ஒலி இன்னும் மங்கும்.

டெக்கின் ஒலி வெளிவரும் லைன்-அவுட் துளையிலிருந்து யுஎஸ்பி ஆடியோ கருவி வழியாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய். கணினியின் மைக் துளையில் செருகாதே. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜிபி வரும். ஃப்ளாக் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் அளவு குறையும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும்.

இரைச்சல் நீக்கும் வசதியைத் தொட உனக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். மூலப்பதிவில் கை வைக்காமல் ஒரு பிரதியில் மட்டும் செய்து பார். அதிகமாக நீக்கினால் இரைச்சலோடு பாட்டி மூச்சு வாங்குவதும் போய்விடும், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். பாட்டுக்கு நடுவில் வரும் மௌனத்தையும் வெட்டாதே. அங்கேதான் "போதுமா, இன்னும் பாடவா?" என்று கேட்பார். பின்னால் மின்விசிறி ஓடும், யாரோ கதவைச் சாத்துவார்கள். எனக்குப் பாட்டைவிட அந்த இடங்கள்தான் வேண்டும்.

உறையில் பாட்டி எழுதியதை அப்படியே கோப்புக்குப் பெயராக வை. உறையைப் படமும் எடுத்துக்கொள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை வேறொரு வட்டில் போட்டு எனக்கு அனுப்பு. வேலை முடிந்தாலும் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதே.

பச்சை உறைக் கேசட்டில் பாட்டி உனக்குச் சொன்ன கதை பாதியில் நிற்கும். மீதி இன்னொரு கேசட்டில் இருக்கிறது, எது என்று எனக்கு நினைவில்லை. கிடைத்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா