விருதுப் பட்டியலில் ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாத எண்ணும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் தொடங்கி செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் முடியும்வரை நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் பொன்னாடைப் படங்களுக்குக் குறைவிருக்காது. இருக்கட்டும். அரசுப் பள்ளிக்காக உழைத்தவரை ஊர் கூடிப் பாராட்டுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாரைப் பாராட்டுவது என்று முடிவு செய்யும்போது எந்தக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதில்தான் எங்களுக்குக் குறை.

டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரிலான மாநில நல்லாசிரியர் விருது வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 10,000 ரூபாய் கொண்டது. தலைமை ஆசிரியர்களுக்கு அண்ணா தலைமைத்துவ விருதும், சிறந்த பள்ளிகளுக்குப் பேராசிரியர் அன்பழகன் விருதும் இருக்கின்றன. விருதுகள் போதுமான அளவு உண்டு. ஆனால் விண்ணப்பக் கோப்பைப் பிரித்தால் மேலே நிற்பது பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காடுதான். அதற்குக் கீழே விழாப் படங்கள், பத்திரிகை நறுக்குகள், நன்கொடையாளர்களின் கடிதங்கள். கோப்பைக் கட்டத் தெரிந்தவருக்குப் பள்ளியைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

தேர்ச்சி விழுக்காட்டில் உள்ள ஓட்டையைப் பார்ப்போம். கணக்குக்காக இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் 62 பேர். முதல் பள்ளியில் மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுதியவர்கள் 48 பேர், 48 பேரும் தேர்ச்சி. வாசலில் ‘100 சதவீதம்’ பேனர் ஏறிவிடும். இரண்டாம் பள்ளியில் எழுதியவர்கள் 60 பேர், தேறியவர்கள் 55 பேர். அறிக்கையில் இது 91.7 சதவீதம், அதனால் பேனர் கிடையாது. வகுக்கும் எண்ணாக 62ஐப் போட்டுப் பாருங்கள். முதல் பள்ளி 77.4, இரண்டாம் பள்ளி 88.7. மெடல் யாருக்குப் போக வேண்டும்?

அந்த 14 பேர் எங்கே போனார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. ஒன்பதில் முடியும். ‘இவன் தேற மாட்டான்’ என்று தோன்றினால் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்கள் என்றோ, பிறகு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்றோ பதமாகச் சொல்லப்படும். பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் தயாராகும் முன்பே பெயர் கழன்றுவிடும். இதற்குத் தலைமை ஆசிரியரை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்பவர் அவர்தான். குழந்தை காணாமல் போனதற்காக அப்படி யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லையே.

கண்டுபிடிக்க வழி கையிலேயே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. டி.சி. கொடுத்தவுடன் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்கு, பள்ளிகளில் சொல்வதுபோல் ‘காமன் பூல்’லுக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கப்படாமல் கிடக்கும் பெயர்தான் இடைநின்ற குழந்தை. ஆகவே தேர்வுக்குழு செய்ய வேண்டியது இவ்வளவே: ஒன்பதின் ஜூன் எண்ணிலிருந்து, வேறு பள்ளியில் உண்மையாகவே சேர்ந்தவர்களைக் கழிக்க வேண்டும், மீதியை வகுக்கும் எண்ணாகப் போட வேண்டும். காமன் பூலில் கிடக்கும் பெயர்களைத் தேடி மூன்று பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்து, அவர்களில் ஒருவர் தோற்றதால் ‘100’ஐ இழந்த தலைமை ஆசிரியர் இருந்தால், விருது அவருடையது.

தொடக்கப் பள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வாசிப்பைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று பெயரை எடுங்கள். ஆசிரியர் கை காட்டும் பிள்ளைகள் வேண்டாம். பாடநூலையும் கொடுக்காதீர்கள், பழகிய பாடத்தைப் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். பார்த்திராத கதை அட்டை ஒன்று போதும். நான்கு, ஐந்தாம் வகுப்பென்றால் அரசே அனுப்பும் ‘ஊஞ்சல்’ இதழின் ஒரு பக்கம். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். ஜூன் மாதம் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பிப்ரவரியில் மேலே ஏறியிருக்கிறார்கள்? ஏறவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் ஆசிரியரின் சோம்பல் அல்ல. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் மற்றவர் ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும், செயலியில் மதிப்பீட்டையும் ஏற்ற வேண்டும். அந்த நிலையிலும் ஏற்றம் தெரிந்தால் அதற்குப் பெயர்தான் சாதனை.

திட்டங்களைப் பாராட்டுவதிலும் இதே பார்வை வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. 120 பிள்ளைகள் என்றால் 6 கிலோ ரவை, 1.8 கிலோ பருப்பு. சென்னையில் பொதுச் சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். ரவை உப்புமா ஆற ஆற இறுகும், பொங்கல் கெட்டியாகும். அதனால் இறக்கும்போதே சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். அதை அறிந்த சமையல்காரரும், சிக்னலில் மாட்டாமல் மணியடிக்கும் முன் கொண்டுவந்து சேர்க்கும் ஓட்டுநரும்தான் திட்டத்தின் உயிர். மேடையில் அவர்களுக்கு நாற்காலி போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

இந்தத் திட்டம் ஒரு பள்ளியில் ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சாப்பிட்டவர் எண்ணிக்கையையும் வருகைப் பதிவையும் ஒரு மாதத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் தாமதமாக வருபவர், வீட்டில் சாப்பிட்டு வருபவர் என்று இரண்டும் கொஞ்சம் வேறுபட்டுத்தான் இருக்கும். நாள் தவறாமல் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் யாரோ பார்த்து எழுதுகிறார்கள். வேறுபாடு இருப்பதைக் குற்றமாகக் கேட்கும் அதிகாரி, அப்படிப் பார்த்து எழுதும் பழக்கத்தைத் தானே வளர்க்கிறார்.

பழைய தலைவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் இந்தச் சில்லறைக் கணக்கில்தான் இருக்கிறது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. செலவு ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது என்று வரம்பு. 1925-ல் அது நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததுதான் காரணம். பசியோ பிள்ளைகளோ குறைந்துவிடவில்லை, கணக்குத் தலைப்புத்தான் இல்லாமல் போனது. காமராசர் 1956-ல் மீண்டும் தொடங்கியபோது ஊரார் நன்கொடையில் பிறந்த திட்டத்துக்கு, பின்னர் அரசுப் பணத்தில் பங்கு ஒதுக்கப்பட்டது. அதனால் நிலைத்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காமராசர் காலத்துப் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் பெயரை இன்றைய இளம் ஆசிரியர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் அவர் முதலில் கேட்டது பட்டியல். பெஞ்சு, கடிகாரம், கிணறு, சுற்றுச்சுவர் என்று பள்ளிக்கு வேண்டியதை எழுதி வைத்துத்தான் ஊரிடம் கேட்டார்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தில் கொடுக்க முன்வருகிறவர்கள் அந்தப் பட்டியல் முறையை நினைவில் வைத்தால் நல்லது. சுவரில் ஓவியம், பெரிய திரை, வண்ண மேசை ஆகியவற்றுக்கு ஆள் கிடைக்கிறது. கழிவுநீர்த் தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க யாரும் பெயர் போட்டுக் கொடுப்பதில்லை. 90 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு, அதாவது 2,500 ரூபாய். மாதத்துக்கு 208 ரூபாய் வருகிறது. பினாயில் வாங்கினால் துடைப்பத்துக்குத் தட்டுப்பாடு.

தண்ணீரும் அப்படித்தான். பகல் நேரப் பள்ளிக்கு ஒருவருக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம். 300 பேருக்கு 13,500 லிட்டர். மாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டி ஒன்று, காலையில் ஒருமுறை மட்டும் நிரப்புகிறார்கள் என்றால், முதல் இடைவேளை முடியும்போதே குழாய் காற்று விடும். மதியம் கழிவறை நாறும். மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பெண் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். பள்ளியைப் பார்க்க வருகிற குழு டைல்ஸைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மதிய உணவு முடிந்த கையோடு பெண்கள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறக்கட்டும். உள்தாழ்ப்பாள் விழுகிறதா, மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறதா என்று பார்க்கட்டும். சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் தண்ணீர் இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டையும் புரட்டலாம். சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எல்லாக் கையெழுத்தும் இருந்தால் கூட்டம் நடக்கவில்லை. மூன்று கூட்டங்களில் ‘தண்ணீர்த் தொட்டி’ என்றே திரும்பத் திரும்ப வந்து, நான்காவதில் அது காணாமல் போய், அருகில் மாநகராட்சிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஒட்டியிருந்தால், அங்கே பெற்றோர் பேசியிருக்கிறார்கள், ஒருவர் அலைந்திருக்கிறார்.

இந்த ஆண்டு விருதுப் பட்டியல் வெளியாகும்போது பெயர், பள்ளி, பாடம் ஆகியவற்றோடு மூன்று எண்களையும் கேட்டு வாங்கி அச்சிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறோம்: ஒன்பதாம் வகுப்பின் ஜூன் எண், பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எண், காமன் பூலில் எடுக்கப்படாமல் கிடப்பவர் எண். தொடக்கப் பள்ளியானால் அரும்பிலிருந்து ஏறியவர் எண் ஒன்று போதும். நான்கு வரி இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள் மூவர்,
பெரம்பூர், சென்னை.